பேட்டரி ரம்பமும் பாதுகாப்பு வாரமும்

சாம்சன் பயந்த சுபாவக்காரன். ஞானஸ்நானத்தின்போது பைபிளில் வரும் மாவீரனின் பெயரை அவனுக்கு வைத்த பாதிரியார், பிள்ளை பின்னால் எப்படி வளரும் என்று யோசித்துப் பார்க்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வஜ்ரமணி போல்ட்ஸ் என்ற தொழிற்சாலையில், ஃபர்னஸ் பிரிவில், அவன் காண்ட்ராக்ட் தொழிலாளி. போல்ட்டுகளை உலையில் செக்கச்செவேல் என்று காய்ச்சி எண்ணெயில் இறக்குகிற பிரிவு அது. அவன் எதையும் மெதுவாகச் செய்வான், இரண்டு முறை பார்ப்பான், சத்தம் கேட்டால் நகர்ந்து நிற்பான். அதனாலேயே அவனுக்கு இன்னும் எல்லா விரல்களும் இருந்தன.

அவன் வீடு எளாவூர்ப் பக்கம் ஒரு காலனியில். சிமெண்ட் ஷீட் போட்ட கூரை. கூரைக்கு மேலே ஒரு பூவரச மரத்தின் கிளை, கைப் பருமன் இருக்கும், நீட்டிக்கொண்டு வந்து படுத்திருந்தது. காற்றடித்தால் ஷீட்டைப் பிறாண்டும். அந்தச் சத்தத்துக்கு நேர் கீழேதான் அவன் மகள் ஏஞ்சலுடைய கட்டில். மழைக்காலம் வந்துவிட்டது. மரம் வெட்டுகிற ஆட்களைக் கேட்டான். "முழு மரமா இருந்தா சொல்லு, கெளைக்கெல்லாம் வண்டி எடுத்துனு வர முடியாது" என்றார்கள்.

அதனால்தான் அவன் அந்த பேட்டரி ரம்பத்தை வாங்கத் துணிந்தான். கையடக்கமானது, வயர் கிடையாது. ஆன்லைனில் ஒரே ரம்பம் பல பெயர்களில், பல நிறங்களில் கிடைத்தது. வாங்கியவர்களின் கருத்துகளை ஒன்று விடாமல் படித்தான். ஒருவர் 'சூப்பர்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் கட்டுப்போட்ட கட்டை விரலைப் படம் பிடித்துப் போட்டு, 'டெலிவரி வேகம்' என்று பாராட்டி நான்கு நட்சத்திரம் கொடுத்திருந்தார். சாம்சன் அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்தான். பிறகு, தவறி அழுத்தினால் ஓடாதபடி பூட்டுப் பொத்தான் உள்ளதாக, செயினுக்கு மேலே மறைப்பு உள்ளதாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். விலை மிகவும் குறைவு. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மழை பெய்தால் காலனிச் சேற்றுக்குள் கூரியர் பையன்கள் வருவதில்லை. எனவே தொழிற்சாலை முகவரியைக் கொடுத்தான். அவன் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

கேட் செக்யூரிட்டி சுப்பராயன் பார்சலைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"சாம்சன், இன்னாபா இது, லொடலொடன்னுது?"

"மரம் அறுக்கற மிஷினு அண்ணே. சின்னது. ஊட்டுக்கு."

சுப்பராயன் பார்சலை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "அறுக்கறதா? அறுக்கறதுன்னா என் கையில இல்லபா. அது சேஃப்டி." ஃபோனை எடுத்தார்.

சேஃப்டி மேனேஜர் வசந்தகுமார் வந்தார். அந்தத் தொழிற்சாலையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் சாப்பிடுகிற ஒரே மனிதர். ஹெல்மெட்டின் நிறம் தெரியாத அளவுக்கு அதில் ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. பார்சலைப் பிரித்தார். உள்ளே மஞ்சள் நிற ரம்பம், சின்ன பேட்டரி, மாற்றுச் செயின், மடித்து வைத்த ஒரு விளக்கத் தாள்.

"சாம்சன், உனக்கு இது என்னவாகத் தெரிகிறது?"

"ரம்பம் சார்."

"எனக்கு இது ஒரு ரிஸ்க்."

"என் டப்புல வாங்கினது சார். கெள ஊட்டு மேல சாயுது. இப்பவே எடுத்துனு பூடறேன் சார்."

"யாருடைய பணம் என்று ரிஸ்க்குக்குத் தெரியாது. நீ இதை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் விரலை வெட்டிக்கொள்கிறாய் என்று வைத்துக்கொள். மறுநாள் வேலைக்கு வருகிறாய். கேட்டில் இருக்கிற அட்டெண்டன்ஸ் மிஷின் அந்த விரலைக் கேட்கிறது. அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

சாம்சன் தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"கம்பெனி காம்பவுண்டுக்குள் வந்த எந்தக் கருவியும் முறைப்படி பயிற்சி பெற்றுத்தான் வெளியே போக வேண்டும்" என்றார் வசந்தகுமார். ரம்பமா பயிற்சி பெற வேண்டும், தானா என்று சாம்சனுக்குக் குழப்பமாக இருந்தது. வசந்தகுமாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைமை அலுவலகம் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஏதாவது கேட்கும். போன ஆண்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குவது எப்படி என்று நாடகம் போட்டாகிவிட்டது. இந்த ஆண்டு ரம்பம், அதை இயக்கிக் காட்டச் சாம்சன்.

"சார், அந்தப் பேப்பரயாவது குடுங்க சார். படிச்சிப் பாக்கறேன்."

வசந்தகுமார் விளக்கத் தாளைத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இது கம்பெனி அங்கீகரிக்காத பேப்பர். இதைப் படித்துவிட்டு நீ ஏதாவது செய்தால் யார் பொறுப்பு? நம்முடைய கையேடு வரும். அதுவரை படிக்காமல் இரு. அதுதான் பாதுகாப்பு."

ரம்பத்தின் கைப்பிடியில் பச்சை அட்டை கட்டினார்கள். பிறகு அதற்கு ஒரு எண் கொடுத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள், சேஃப்டி அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாம்சன் வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடத்தில் அவனுக்கு இவ்வளவு நடக்கவில்லை.

கையேடு சில நாட்களில் வந்தது. கிரேன் கையேட்டில் 'கிரேன்' என்று வந்த இடத்தில் எல்லாம் 'செயின்சா' என்று ரம்பத்தின் ஆங்கிலப் பெயரை மாற்றி வைத்திருந்தார்கள். செயின்சாவை இயக்கும் முன் ஹாரன் அடிக்கவும். செயின்சாவின் கொக்கியில் ஆட்கள் தொங்கக் கூடாது. காற்று பலமாக வீசினால் கேபினைவிட்டு உடனே இறங்கிவிடவும். இதைச் சாம்சன் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்க வேண்டும் என்றார்கள். படித்தான்.

"சந்தேகம் இருந்தால் கேள்" என்றார் வசந்தகுமார்.

"இதுல கேபின் எங்க சார் கீது?"

"இல்லை அல்லவா? அப்படியென்றால் நீ ஏற்கெனவே இறங்கிவிட்டாய். பாதுகாப்பாக இருக்கிறாய்."

அடுத்து மருத்துவப் பரிசோதனை. முதலுதவி அறை நர்ஸ் தமிழ்செல்வி அவன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். மறுபடி அடித்துப் பார்த்தாள்.

"இன்னாணா, பிரஷர் இப்டி எகிறுது? நாஷ்டா துன்னியா?"

"பயம்மா."

"எதுக்குப் பயம்?"

"எல்லாத்துக்கும்தான். அந்தச் செயின் தொளதொளன்னு தொங்குது. பாத்தியா? டைட் பண்ணணும்னு நெனைக்கறேன். அந்தப் பேப்பர்ல போட்டிருக்கும். குடுக்க மாட்றாங்க."

தமிழ்செல்வி கதவுப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அத்தத் தொடாதணா. எதுனா சொல்லி லீவு போட்ரு." ஆனால் பாதுகாப்பு வாரத்தில் லீவு எடுப்பது பாதுகாப்புக்கு எதிரானது என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தார்கள்.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிவிட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் கிளை பிறாண்டுகிற சத்தம் கூடியது. ஏஞ்சல் அதைக் கேட்டு விழித்துக்கொண்டு, "நைனா, மேல யாரோ கீறாங்க" என்றாள். சாம்சனுக்கும் அப்படித்தான் இருந்தது. எழுந்து உட்கார்ந்து கூரையையே பார்த்தான்.

அவன் மனைவி விக்டோரியா பக்கத்தில் ஒரு மீன் கம்பெனியில் இறால் உரிப்பவள். பயம் என்பது அவள் அகராதியில் இல்லாவிட்டாலும், சாம்சனின் பயத்தை அவள் எப்போதும் மதித்தாள். கட்டிலை இழுத்துச் சமையல் மூலைக்குக் கொண்டுவந்தாள்.

"யோவ், நம்ம ரம்பத்தக் குடுங்கன்னு வாயத் தொறந்து கேளேன்யா."

"கேட்டா காண்ட்ராக்ட்ட கட் பண்ணிடுவானுங்க."

"கெளயக் கட் பண்ண வாங்கினத வச்சினு உன்னக் கட் பண்ணுவானுங்களா? நல்லா கீதே நாயம்!"

பாதுகாப்பு நாள் வந்தது. கேண்டீனுக்கு எதிரே இருந்த மைதானத்தில் பந்தல். வானம் கருத்துக்கிடந்தது. பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பாதாம் மரம். அதன் தாழ்ந்த கிளை ஒன்றுக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதைத்தான் சாம்சன் அறுத்துக் காட்ட வேண்டும். ஓரத்தில் ஒரு பெரிய பலகை: 'விபத்தில்லா நாட்கள்'. அதற்குக் கீழே எழுதியிருந்த எண் தொழிற்சாலையின் வயதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. கட்டுமானம் தொடங்குவதற்கு முன், அங்கே வெறும் கருவேலங்காடு இருந்தபோதும் விபத்து நடக்கவில்லை என்பது கணக்கு.

சாம்சனுக்கு வெல்டிங் கையுறை கொடுத்தார்கள். உள்ளே அவன் கை தொலைந்துபோனது. பொத்தான் எது, கைப்பிடி எது என்று தெரியவில்லை. கண்ணாடி கேட்டான். கண்ணுக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடிகள் எல்லாம் கண்காட்சி அலமாரியில் வரிசையாக இருந்தன. தலைமை அலுவலகத்துத் தணிக்கை முடியும்வரை அதைத் திறக்கக் கூடாது.

உறுதிமொழி எடுத்தார்கள். தொழிற்சாலைத் தலைவரான பிளான்ட் ஹெட்டுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் வசந்தகுமாருக்குப் பொன்னாடை போர்த்தினார். சரிகை போட்ட நீளமான ஆடை. இரண்டு முனைகளும் முழங்கால்வரை தொங்கின. ரம்பம் ஒரு தாம்பாளத்தில், மஞ்சள் குங்குமத்தோடு வந்தது. சாம்சன் அதைக் கையில் எடுத்தான். செயின் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கண்களில் வியர்வை இறங்கியது. எதிரே தொழிற்சாலை முழுவதும் உட்கார்ந்திருந்தது. ரம்பத்தை மறுபடி தாம்பாளத்தில் வைக்கப் பார்த்தான்.

"சார், வேணாம் சார். எனக்கு பயமா கீது சார்."

மைக் பக்கத்தில் இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். வசந்தகுமாரும் சிரித்தார். இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தான் அவர் காத்திருந்ததுபோல இருந்தது.

"நண்பர்களே, பார்த்தீர்களா? இதுதான் நம் எதிரி. ரம்பம் அல்ல, இயந்திரம் அல்ல, பயம்! பயப்படுகிறவன் தான் செய்யும் வேலையைக் கவனிக்கிறான். கவனிக்கிறவன் தயங்குகிறான். தயங்குகிறவன் உற்பத்தியைத் தாமதப்படுத்துகிறான். இந்த வளாகத்தில் இன்று முதல் பயத்துக்கு இடமில்லை. நம்மிடம் கையேடு இருக்கிறது, கமிட்டி இருக்கிறது. பிறகு எதற்குப் பயம்?"

பிளான்ட் ஹெட் கை தட்டினார். அதனால் எல்லோரும் தட்டினார்கள்.

வசந்தகுமார் சாம்சன் கையிலிருந்து ரம்பத்தை வாங்கினார். இடது கையில் மைக், வலது கையில் ரம்பம். தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "முதல் விதி!" என்று மைக்கில் சொன்னார். "இதை எப்போதும் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும்!"

பொத்தானை அழுத்தினார். ரம்பம் வீல் என்று கத்தியது. சாம்சன் தன்னை அறியாமல் பின்னால் போனான். ரம்பத்தின் மூக்கு நுனி பாதாம் மரத்தின் அடிமரத்தில் பட்டது. பட்டதுதான் தெரியும், ரம்பம் உயிர் வந்ததுபோல எகிறி அவர் முகத்தை நோக்கி வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொன்னாடையின் முனையைச் செயின் கவ்வியது. சரிகை சரசரவென்று உள்ளே போனது. மைக் பிடித்த கையால் தடுக்கப் பார்த்தார். செயின் அந்த முன்கையில் ஏறி இறங்கியது. அவர் மல்லாந்து விழுந்தார். ரம்பம் அவர் பக்கத்தில் விழுந்து, துணி பொத்தானில் சிக்கிக்கொண்டதால், விடாமல் ஓடியபடி மண்ணில் துள்ளிக்கொண்டிருந்தது.

சுப்பராயன் சைரனை அழுத்தினார். சைரன் அடித்தால் எங்கே போக வேண்டும் என்று எல்லோருக்கும் பயிற்சி இருந்தது. தொழிற்சாலை முழுவதும் எழுந்து, தள்ளாமல், பேசாமல், கைப்பிடி உள்ள இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த கூடுமிடத்துக்குப் போய் வரிசையில் நின்றது. பிளான்ட் ஹெட் முதலில் போய்ச் சேர்ந்திருந்தார். சாம்சனையும் கூட்டம் தள்ளிக்கொண்டு போனது. சுப்பராயன் தலைகளை எண்ணினார். ஒரு தலை குறைந்தது.

"யாரு வரல?" என்று பெயர்களைப் படித்தார். "வசந்தகுமார் சார்... வசந்தகுமார் சார்!"

"நான் இங்கே இருக்கிறேன்!" என்று ஸ்பீக்கர்களில் எல்லாம் குரல் கேட்டது. மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"சார், இங்க வந்து சொல்லணும் சார்."

"வர முடியவில்லை! ரத்தம் போகிறது! யாராவது வாருங்கள்!"

சுப்பராயன் தவித்தார். கெட்டவர் இல்லை. "ஆபத்து நீங்கிச்சின்னு நீங்க ஆல் க்ளியர் குடுக்காம யாரும் கூடுமிடத்த வுட்டு நவுரக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"ஆல் க்ளியர்! ஆல் க்ளியர்!"

"தலைக்கணக்கு சரியாவாம ஆல் க்ளியர் செல்லாது சார். ஒரு தலை கொறயுது."

தமிழ்செல்வி வரிசையிலிருந்து வெளியே வந்து, "ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியாவது எடுத்தாரேன்" என்றாள். பாதுகாப்பு வாரத்தில் தொலைந்துவிடாமல் இருக்க அதைச் சேஃப்டி அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அறைச் சாவி வசந்தகுமார் இடுப்பில் இருந்தது. பிளான்ட் ஹெட் விபத்தில்லா நாட்கள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் உண்மையான வேதனை இருந்தது.

ஸ்பீக்கரில் இப்போது சொற்கள் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. நடுவே ரம்பத்தின் வீறல்.

சாம்சன் இரண்டு முறை பார்க்கிறவன். பார்த்தான். அந்த மனிதரின் வெள்ளைச் சட்டையின் கைப்பகுதி வேறு நிறமாகிக்கொண்டிருந்தது. தன் கால்கள் ஓடத் தொடங்கியதை அவன் பிறகுதான் உணர்ந்தான். பயம் போய்விடவில்லை. பயத்தோடேதான் ஓடினான். பின்னால், "சாம்சன்! வரிசைய வுட்டுப் போவாத!" என்று சுப்பராயனின் குரல் அழுவதுபோல் கேட்டது. தமிழ்செல்வியும் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

ரம்பத்தின் அருகே போனதும் நின்றான். அது பாம்பைப்போல நெளிந்து நெளிந்து திரும்பியது. கையுறைகளைக் கழற்றி எறிந்தான். செயின் இருக்கிற பக்கத்தைவிட்டுச் சுற்றிப் பின்பக்கமாகப் போய், கைப்பிடியைக் காலால் அமுக்கினான். குனிந்து பேட்டரியை இழுத்தான். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இழுத்தான். கையோடு வந்தது. சத்தம் நின்றது. அப்புறம் அவனுக்கு வாந்தி வந்தது. அதற்குள் தமிழ்செல்வி பொன்னாடையின் நல்ல பகுதியைச் சுருட்டிக் காயத்தின்மேல் அழுத்திவிட்டாள்.

"புடிணா. நல்லா அமுக்கிப் புடி. கைய மேல தூக்கு."

வசந்தகுமார் ஆம்புலன்ஸ் வரும்வரை சாம்சனின் சட்டையை விடவில்லை.

அன்று மாலை சாம்சன் வீட்டுக்குப் போனபோது காற்றும் மழையுமாக இருந்தது. வாசலில் அக்கம்பக்கத்துச் சனம் கூடியிருந்தது. கிளை ஒடிந்து கூரையின் ஒரு மூலையை உடைத்துக்கொண்டு முற்றத்தில் விழுந்துகிடந்தது. ஷீட் துண்டுகள், கட்டில் முன்பு இருந்த இடத்தில், தரையெல்லாம் சிதறியிருந்தன. ஏஞ்சல் விக்டோரியாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாம்சன் அந்தத் துண்டுகளைப் பார்த்தான், பிறகு மகளைப் பார்த்தான். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். விக்டோரியா அவன் தலையைத் துவட்டினாள்.

விசாரணை நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பிளான்ட் ஹெட், ஹெச்.ஆர். கல்பனா, கையில் கட்டோடு வசந்தகுமார். இந்தப் பக்கம் சாம்சன். குற்றம், அனுமதி இல்லாமல் கூடுமிடத்தைவிட்டு வெளியேறியது.

"நீ மட்டும் ஓடாமல் இருந்திருந்தால் நடைமுறை முழுமையாக நடந்து முடிந்திருக்கும்" என்றார் பிளான்ட் ஹெட்.

"அவரு செத்துப்பூட்டிருப்பாரு சார்."

"அதைப் பார்க்க ஹெச்.ஆர். இருக்கிறது. நீ ஃபர்னஸ்."

கல்பனா ஆறுதலாகப் பேசினாள். "சாம்சன், பயப்படாதீங்க. அன்னிக்கு நடந்தது விபத்தே கிடையாது. மாக் டிரில். ஒத்திகை. முன்கூட்டியே திட்டமிட்டது. அதனால உங்க மேல நடவடிக்கை வேண்டாம்னு முடிவு. நீங்க ஒத்திகையில கலந்துக்கிட்டீங்கன்னு ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"தையல் போட்டாங்களே மேடம்?"

வசந்தகுமார் தொண்டையைக் கனைத்தார். முகம் வெளுத்திருந்தது. "தத்ரூபமாக இருக்க வேண்டும் என்பதற்காக... எல்லாம் திட்டமிட்டபடிதான் நடந்தது. பலகையில் எண் தொடர்கிறது." அவர் பலகையைப் பற்றிச் சொன்னபோது மற்ற இருவரும் தலையசைத்தார்கள். யாரும் அவர் கையைப் பார்க்கவில்லை.

சாம்சன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். மறுத்தால் காண்ட்ராக்ட் போய்விடும். உடைந்த கூரையின்மேல் தார்ப்பாய்தான் கிடக்கிறது. காலையில் விக்டோரியா ஒன்றுதான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"போடறேன் மேடம். என் ரம்பத்தக் குடுத்துருங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒத்திகை என்றால் ரம்பம் நிஜமாக இருக்க முடியாது. இல்லாத ரம்பத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது? வெகுநேரம் விவாதித்தார்கள். கடைசியில் 'ஒத்திகைக்குப் பயன்பட்ட விளையாட்டுப் பொம்மை' என்று கேட் பாஸ் எழுதப்பட்டது. விளக்கத் தாளையும் ரம்பத்தின்மேல் சுற்றிக் கொடுத்தார் வசந்தகுமார். அவன் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார்.

கேட்டில் சுப்பராயன் பாஸைப் படித்தார். பையைத் திறந்து பார்த்தார். செயினில் இன்னும் சரிகை நூல் ஒட்டியிருந்தது.

"பொம்மையா?"

"பொம்மைதாண்ணே."

"கொயந்த கையில குட்த்துடாதபா" என்று சொல்லி வெளியே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு, சாம்சன் அந்தத் தாளைப் படம் படமாகப் பார்த்துப் படித்தான். தாளில் கேபினும் இல்லை, ஹாரனும் இல்லை. கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கியிருந்தான். பேட்டரியைக் கழற்றி எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகே செயினைத் தொட்டான். நூல்களை எடுத்தான். தொங்காமல் திருகி இறுக்கினான், கையால் இழுத்து ஓடுகிறதா என்று பார்த்தான், எண்ணெய் விட்டான். சட்டையை உள்ளே செருகிக்கொண்டான். முற்றத்தில் கிடந்த கிளையை, உருளாதபடி, இரண்டு கல் முட்டுக் கொடுத்து நிறுத்தினான். விக்டோரியாவையும் ஏஞ்சலையும் பக்கத்து வீட்டு வாசல்வரை துரத்தினான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ. இன்னும்."

"இதுக்கு மேல போனா ஆந்திரா பார்டர் தடா வந்துரும்யா!" என்று கத்தினாள் விக்டோரியா.

இரண்டு கையாலும் பிடித்தான். ரம்பத்தின் மூக்கு நுனி எதிலும் படாமல், அடிப்பக்கப் பல்லைக் கிளைமேல் பதித்து அழுத்தினான். மரத்தூள் பறந்து கண்ணாடியில் ஒட்டியது. ஒரு துண்டு விழுந்தது. பொத்தானைவிட்டு, செயின் முழுவதும் நின்றதைப் பார்த்து, அதன் பிறகே அடுத்த அடி வைத்தான். இப்படியே கிளை முழுவதையும் விறகாக்க மதியமாகிவிட்டது. வேறு யாராவது செய்திருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே விக்டோரியாவைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

மழை ஓய்ந்த பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து விருது வந்தது. எல்லாக் கிளைகளிலும் சிறந்த ஒத்திகை வஜ்ரமணியின் கும்மிடிப்பூண்டி ஒத்திகைதான் என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள். கேண்டீனில் விழா. பிளான்ட் ஹெட் உருக்கமாகப் பேசினார்.

"மற்ற தொழிற்சாலைகளில் ஒத்திகை என்றால் ஒருவர் தக்காளி சாஸைப் பூசிக்கொண்டு படுப்பார். நம் வசந்தகுமார் சாஸ் பூசவில்லை. இந்தத் தத்ரூபத்தைத்தான் தலைமை அலுவலகம் பாராட்டியிருக்கிறது. இனி காலாண்டுக்கு ஒரு முறை, ஒவ்வொரு பிரிவிலும், இதே தரத்தில் ஒத்திகை நடத்த உத்தரவு வந்திருக்கிறது. அடுத்தது ஃபர்னஸ் பிரிவு. காயமடைபவராக யாரைப் போடுவது என்று யோசித்தோம். இதில் அனுபவம் உள்ளவர் நம்மிடம் ஒருவர்தானே இருக்கிறார்!"

வசந்தகுமாரைக் கைகாட்டினார். கைதட்டல் கேண்டீன் கூரை ஷீட்டைத் தூக்கியது. வசந்தகுமார் கேடயத்தை ஒரு கையால் வாங்கிக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றார். சிரித்தார். அது விபத்து என்று சொல்ல ஒரு நொடி வாயைத் திறந்ததுபோல இருந்தது. எதிரே பலகை, பக்கத்தில் பிளான்ட் ஹெட். வாயை மூடிக்கொண்டார்.

மேடையிலிருந்து இறங்கியவர் நேராக வந்து கடைசி பெஞ்சில், சாம்சன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தார். அவர் தலையில் முடி இருப்பதைச் சாம்சன் அன்றுதான் பார்த்தான். அவர் பேசியபோதுதான் அவரும் இந்தப் பக்கத்து ஆள், கடம்பத்தூர்க்காரர் என்பதும் தெரிந்தது.

"சாம்சன், நீ ஃபர்னஸாண்டதான கீற?"

"ஆமா சார்."

"அது தொறந்திருக்கசொல்ல, கிட்டப் போனா இன்னா ஆவும்?"

சாம்சன் அவரைப் பார்த்தான். பொய் சொல்லி ஆறுதல் படுத்தலாம் என்று தோன்றியது. ஆனால் கேட்டவர் கண்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"தெரியாது சார்" என்றான். "நாங்க யாரும் கிட்டப் போனது கெடையாது."